கடலில் வழி சொல்லும் கைக்கருவி

நிலத்தில் வழி தவறினால் எதிரே வருபவரைக் கேட்கலாம். கடலில் யாரைக் கேட்பது? நம் மீனவர்கள் நெடுங்காலமாகக் கரையைத்தான் கேட்டு வந்தனர். கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஓர் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் பொருந்தித் தெரியுமாறு படகை நிறுத்துவர். அந்த நேர்கோட்டை விட்டு விலகாமல் படகைச் செலுத்திக்கொண்டே போவர். வேறொரு பக்கத்தில் மாதா கோயிலும் மணற்குன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தும் இடம் வந்ததும் வலையை இறக்குவர். இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும் என்று வடிவியல் வகுப்பில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் புள்ளியில் கடலடியில் ஒரு 'பார்' இருக்கும். மீன் கூடும் பாறைத் திட்டுக்குக் கடற்கரையில் வழங்கும் பெயர் அது.

இந்த முறைக்கு ஒரே குறை, கரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரவிலும் மூடுபனியிலும் கரை மறைந்துவிடும் ஆழ்கடலிலும் இது உதவாது. அங்கே உதவுவதுதான் கைக்குள் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி. இன்று தமிழகக் கடற்கரையில் விசைப்படகுகளில் மட்டுமன்றி சிறிய நாட்டுப்படகுகளிலும் இதைக் காணலாம். இதை வாங்கப் போகிறவர் கடையில் பலவகை மாதிரிகளைப் பார்த்துத் திகைப்பது இயற்கை. சிலவற்றின் விலை மற்றவற்றைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு. விலை கூடினால் இடம் துல்லியமாகத் தெரியுமா? இக்கேள்விக்கு விடை காண, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. ஒவ்வொரு செயற்கைக்கோளும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று ஓயாமல் வானொலி அலை மூலம் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் இந்த அலை, செயற்கைக்கோள் நேர் உச்சியில் இருந்தாலும் நம்மை அடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று அளந்து, அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். மீனவர் கரை அடையாளங்களைக் கொண்டு நேர்கோடுகள் வரைந்தார். கருவி செயற்கைக்கோள்களை மையமாகக் கொண்டு கோளங்கள் வரைகிறது. வேறுபாடு அவ்வளவே.

ஆனால் ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் ஓடிவிடும். கடிகாரம் அந்த அளவு பிசகினாலே கணக்கு கெட்டுவிடும். நம் கையிலுள்ள கருவியில் இருப்பதோ, கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற மலிவான குவார்ட்ஸ் படிகம். பிறகு எப்படிச் சரியான விடை வருகிறது? இங்கேதான் பொறியியலாரின் சாமர்த்தியம் இருக்கிறது. நம் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களோடு, நம் கடிகாரத்தின் பிழையையும் நான்காவது அறியாத எண்ணாக வைத்துக்கொண்டனர். நான்கு அறியாத எண்களுக்கு நான்கு சமன்பாடுகள் வேண்டும். ஆகவே நான்கு செயற்கைக்கோள்கள். பத்தாம் வகுப்பில் ஒருங்கமைச் சமன்பாடுகளைச் சலிப்போடு தீர்க்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலை மிகுந்த கடிகாரத்தை மேலே வைத்துவிட்டு, கீழே மலிவான கடிகாரத்தைக் கொண்டே காரியத்தை முடிக்க அந்த நான்காவது சமன்பாடு உதவுகிறது. (செயற்கைக்கோளின் கடிகாரத்துக்கு ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி ஒரு திருத்தமும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இந்த ஏற்பாட்டை நடத்துவது அமெரிக்க அரசு. முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்ததால் அக்காலத்தில் இடம் நூறு மீட்டர் வரை தவறும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டனர். அன்று முதல் திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கருவியும் சில மீட்டர் அளவுக்குச் சரியாக இடத்தைச் சொல்கிறது. கடலோ திறந்த வானத்துக்கே இலக்கணம். மறைக்க மாடிக் கட்டடமும் இல்லை, மலையும் இல்லை. ஆகவே நடுக்கடலில் மலிவான கருவிக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் துல்லியத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. துல்லியத்துக்கென்று மீனவர் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து.

அப்படியானால் எதற்குப் பணம் கொடுப்பது? உப்புநீரில் பிழைத்திருப்பதற்கும் இரவு முழுவதும் விழித்திருப்பதற்கும்தான்.

பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். ராமேசுவரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 12 கடல் மைலில் இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோடு ஓடுகிறது. படகு வலையை விரித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தி மிதக்கிறது என்று வையுங்கள். நீரோட்டம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்தான். ஆள் நடக்கும் வேகத்தில் கால் பங்குகூட இல்லை. பத்து மணி நேரத்தில் படகு பத்துக் கிலோமீட்டர், அதாவது ஐந்து கடல் மைலுக்கு மேல் நகர்ந்துவிடும். சுற்றிலும் இருள், கூடவே நகரும் நீர். படகில் இருப்பவருக்கு நகர்ந்ததே தெரியாது. விடியும்போது எல்லைக்கு அப்பால் இருந்தால் படகு பறிபோகலாம், சிறைவாசமும் நேரலாம். ஆகவே கருவியை அவ்வப்போது எழுப்பிப் பார்த்தால் போதாது. அது இரவெல்லாம் இயங்க வேண்டும்.

இதனால்தான் பென்டார்ச் செல்லில் இயங்கும் கருவியை நான் சிறந்ததாகக் கருதுகிறேன். உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி தீர்ந்துபோனால் கடலில் வழியில்லை. செல்லாக இருந்தால் கரையோரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். உலர்ந்த டப்பாவில் நான்கு போட்டுக்கொண்டு போகலாம். கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். 73 என்ற மாதிரி இரண்டு செல்லில் 18 மணி நேரம் வரை இயங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. 2011-இல் வந்த இ-ட்ரெக்ஸ் 10 என்ற சிறிய மாதிரிக்கு 25 மணி நேரம். இவை புதிய செல்லுக்கும் விளக்கு அணைந்த திரைக்கும் உரிய கணக்கு, நடைமுறையில் குறையும்.

மணி நேரத்தைப் பார்த்தால் இ-ட்ரெக்ஸ்தான் மேல். ஆயினும் படகுக்கு நான் 73-ஐயே சொல்வேன். காரணம், அது தண்ணீரில் விழுந்தால் மிதக்கும்; இ-ட்ரெக்ஸ் மூழ்கிவிடும். இரண்டுமே ஐ.பி.எக்ஸ்.7 என்னும் நீர்க்காப்புத் தரம் உடையவை. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அத்தரத்தின் பொருள். பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கருவிக்கு அந்தச் சான்றிதழால் என்ன பயன்? அன்றியும் அச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்பு தன் வேலையை மெதுவாகச் செய்யும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதும், செல் அறை மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டாமல் பார்ப்பதும் கருவியின் ஆயுளைக் கூட்டும்.

வண்ணத் திரை அவசியமில்லை. வெயிலில் கருப்பு வெள்ளைத் திரை தெளிவாகவே தெரியும். தொடுதிரையைவிடப் பொத்தான்கள் மேல்; ஈரக் கையும் மீன் செதிளும் தொடுதிரைக்கு ஆகா. கடைக்காரர் நிலப்படத்தைக் காட்டிப் புகழ்வார். மலிவான மாதிரிகளில் நம் கடற்பகுதிக்கு உரிய படம் பெரும்பாலும் வெறும் கரைக்கோடாகவே இருக்கும். மீனவருக்கு வேண்டியது அவரே பதிந்து வைக்கும் 'பாயின்ட்'கள். அவற்றுக்கு ஆயிரம் இடம் இருந்தால் தாராளம். ஒரு பாயின்டை நெருங்கும்போது ஒலி எழுப்பும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இனி, விலையைவிட முக்கியமான ஒரு செய்தி. கருவிக்கு எல்லைக்கோடு எங்கே என்று தானாகத் தெரியாது. நாம்தான் எண்களைப் பதிய வேண்டும். பாக் நீரிணைப் பகுதிக்கான எல்லைப் புள்ளிகள் 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தரப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் அட்சரேகை 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு. இது 40 நிமிடம் 15 வினாடி அன்று! 0.15 நிமிடம் என்பது 9 வினாடிதான். (இங்கே நிமிடம், வினாடி என்பவை கோண அளவுகள்; கடிகாரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர், ஒரு வினாடி ஏறத்தாழ 31 மீட்டர். ஆறு வினாடிப் பிழை என்றால் எல்லைக்கோடு 185 மீட்டர் இடம் மாறிவிடும். 40.59 என்பதை 40 நிமிடம் 59 வினாடி என்று பதிந்தால் பிழை 700 மீட்டரைத் தாண்டும். அதே உடன்படிக்கையில் அடுத்த புள்ளி 9 டிகிரி 21.80 நிமிடம். ஒரு நிமிடத்தில் 80 வினாடி ஏது? இதிலிருந்தே அவை தசம எண்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சில மீட்டர் துல்லியத்துக்காகப் பணம் கொடுத்துவிட்டு, எழுதும் முறையில் அரைக் கிலோமீட்டரை இழப்பது பரிதாபம் அல்லவா? கருவியின் அமைப்புப் பட்டியலில் 'டிகிரி–நிமிடம்–தசமம்' என்ற முறையும் 'டிகிரி–நிமிடம்–வினாடி' என்ற முறையும் தனித்தனியே இருக்கும். கையில் உள்ள தாள் எந்த முறையில் எழுதப்பட்டதோ அதற்கேற்ப மாற்றிவிட்டே பதிய வேண்டும்.

அதே பட்டியலில் 'டேட்டம்' என்றொரு வரி உண்டு. பூமியின் வடிவத்தை எந்தக் கணக்குப்படி எடுத்துக்கொள்வது என்பதை அது குறிக்கிறது. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது 1984-ஆம் ஆண்டின் உலகக் கணக்கு. நம் பழைய நிலப்படங்கள் 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த கணக்குப்படி வரையப்பட்டவை. இரண்டையும் கலந்தால் நூறு மீட்டருக்கு மேல் வேறுபடும். யாராவது விளையாட்டாக அதை மாற்றிவிட்டால் கருவி பொய் சொல்லத் தொடங்கும். பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வார்கள்.

கைப்பேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். கோபுரம் எட்டாத கடலிலும் அது இடத்தைச் சொல்லும். முதல் விடை வரச் சற்றே கூடுதல் நேரம் ஆகலாம். நீர் புகாத உறையிலிட்டு மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தெறிக்கும் அலையிலும் நண்பகல் வெயிலிலும் விடிய விடிய அதை நம்பி இருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் செல்பவரின் நிலை வேறு. அங்கே பள்ளத்தாக்குகளும் அடர்ந்த மரங்களும் வானத்தை மறைப்பதால், ருஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றின் அலைகளையும் ஏற்கும் கருவிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

மலிவான கருவிகள் பலவற்றில் காந்தத் திசைகாட்டி இருப்பதில்லை. அடுத்தடுத்த இடங்களை ஒப்பிட்டே திசையைக் கணிக்கின்றன. ஆதலால் நின்றுவிட்டால் அம்புக்குறி மனம்போனபடி சுழலும். ஒரு சாதாரணத் திசைகாட்டியும் படகில் இருக்கட்டும்.

வாங்கியவுடன் கருவியைச் சோதிக்க உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலே போதும். எண் முறையை டிகிரி–நிமிடம்–தசமத்தில் வைத்து, ஒரு மூலையில் நின்று ஐந்து நிமிடம் பொறுத்து அட்சரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளவு நாடாவால் நேர் வடக்கே 92.6 மீட்டர் அளந்து அங்கே போய் நில்லுங்கள். நிமிட எண் 0.050 கூடியிருக்க வேண்டும். கடைசி இலக்கத்தில் இரண்டு மூன்று வேறுபட்டால் கவலை வேண்டாம். ஓர் இலக்கம் 1.85 மீட்டர்தான். காலை, மாலை இரு வேளையும் செய்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் கடலுக்குச் செல்பவர் இருந்தால், அவருடைய கருவியை வாங்கி டேட்டம், எண் முறை இரண்டையும் அவரோடு சேர்ந்து ஒருமுறை சரிபாருங்கள்.