வலப்புறம் ஓடும் பந்து

கண்டி மாநகரிலிருந்து திகன வழியாக இராஜவெல்லைக்குச் செல்வோர், மகாவலியை மறித்து 1985ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற விக்டோரியா அணையினால் உருவான பெருநீர்ப்பரப்பைக் காண்பர். அதன் கரையிலே, டொனால்ட் ஸ்டீல் என்பார் வகுத்தமைத்த 18 குழிக் கோல்ப் திடல் பரந்து கிடக்கின்றது.

அங்கே நான் அடித்த பந்துகள் யாவும் நேரே செல்வனபோலப் போக்குக் காட்டி, நடுவானில் வலப்புறம் வளைந்து புதருக்குள் மறைந்தன. 'ஸ்லைஸ்' எனப்படும் இக்குறை வலக்கை ஆட்டக்காரர் மிகப் பலரைப் பற்றிய பிணி. நான் அதற்குக் கண்ட மருந்து, இடப்புறம் திரும்பி நின்று அடிப்பது. பந்தோ முன்னிலும் அதிகமாக வளைந்தது!

பை சுமந்து வந்த இளைஞர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, பந்து போற பக்கத்தப் பாக்காதீங்க, கைப்பிடியப் பாருங்க" என்றார்.

சாய்ந்த மட்டையால் அடிபட்ட ரெனிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் கண்டதுண்டென்று நியூட்டன் 1672இலேயே எழுதியிருக்கிறார். கோல்பிலும் அஃதே. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது தடியின் முகம். தடி வீசப்படும் பாதையைவிட அம்முகம் வலப்புறம் நோக்கியிருந்தால், பந்தின் சுழலச்சு சாய்கிறது. காற்று அதனை வலப்புறம் தள்ளுகிறது. இடப்புறம் திரும்பி நின்ற நான், வீச்சின் பாதையை மட்டுமே இடப்புறம் இழுத்தேன். தடியின் முகம் பழையபடி இலக்கையே நோக்கிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் விரிந்தது; வளைவும் வளர்ந்தது.

இளைஞர் சொற்படி இடக்கையைப் பிடியின்மேல் சற்று வலப்புறம் திருப்பி வைத்தேன்; குனிந்து நோக்குகையில் இரண்டு மூன்று விரல்முட்டிகள் தெரிந்தன. தோள்களை இலக்குக் கோட்டுக்கு இணையாக நிறுத்தினேன். தடியைக் கீழே கொணர்கையில் தோளை முந்தவிடாது இடுப்பை முதலில் திருப்பினேன். தடி உட்புறமிருந்து வந்து பந்தைச் சந்தித்தது. முதலில் அரை வீச்சு, பின்னரே முழு வீச்சு.

முதற் சில பந்துகள் இடப்புறம் வளைந்தன. நான் முகஞ் சுளித்தேன், அவர் சிரித்தார். "நல்லதுங்க ஐயா, இப்பதான் கை திரும்புது" என்றார்.

குறையைத் தொடாமல், அதன் விளைவுக்கு எதிர்ப்புறம் சாய்ந்து நிற்பதையே திருத்தமென்று எத்தனை காலம் எண்ணியிருந்தேன்! அன்று மாலை கடைசியாக அடித்த பந்து நேரே சென்று புல்வெளியின் நடுவே வீழ்ந்தது. அதை எடுத்துவர இளைஞருடன் நானும் நடந்தேன். புதருக்குள் தேட வேண்டிய வேலை அன்று இல்லை.