காசு கொடுத்து வாங்கிய மின்னூல் ஏன் திறக்கவில்லை?

எங்கள் பள்ளி திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் உள்ளது. எட்டாம் வகுப்பில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவி ஒருத்தி படிக்கிறாள். வாசிப்பு மன்றத்தில் மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த சிறுவர் நாவலைத் தானும் படிக்க வேண்டும் என்றாள். மின்னூலாக வாங்கிப் பள்ளிக் கணினியில் போட்டால், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் படித்துக் காட்டிவிடும் என்று நினைத்தேன். கைபேசியில் வாங்கி, கேபிள் வழியே கணினிக்கு மாற்றினேன். கோப்பு வந்தது, புத்தகம் திறக்கவில்லை. "காசு கொடுத்துத்தானே டீச்சர் வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. தேரடி வீதியில் வாங்கும் அச்சுப் புத்தகம் நம் சொத்து. இரவல் தரலாம், பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். மின்னூலில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. கோப்பைப் பூட்டி, சாவியை நம் கணக்கோடு இணைத்து வைத்திருப்பார்கள். டி.ஆர்.எம். என்பது இந்தப் பூட்டுதான். நான் மாற்றியது பூட்டை மட்டும். சாவி கைபேசியிலேயே இருந்துவிட்டது.

முறையான வழி, இன்னொரு கருவியிலும் அதே கடையின் செயலியை நிறுவி, அதே கணக்கில் உள்நுழைவது. கிண்டில் நூல்களைப் பொதுவாக ஆறு கருவிகள் வரை திறக்கலாம்; பதிப்பாளர் அதைக் குறைக்கவும் கூடும். அடோபி பூட்டுள்ள இபப் கோப்பு கிண்டிலில் திறக்காது. பூட்டில்லாத இபப் என்றால் கிண்டிலுக்கு அனுப்பிப் படிக்கலாம். ஆனால் நம் சொந்தக் கணக்கைப் பள்ளிக் கணினியில் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கோடு நம் பணம் செலுத்தும் விவரமும் அல்லவா சேர்ந்திருக்கிறது!

கணக்கு போனால் நூல்களும் போய்விடும். பழைய கைபேசி எண்ணை விட்டபோது, ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருக்க, இரண்டு வாரம் என் நூல்களை நானே தொட முடியவில்லை. கடையே மூடினாலும் இதே கதைதான். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்கள் மறைந்தன. 2025 பிப்ரவரியில் அமேசான், கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கேபிளில் மாற்றும் வசதியை நிறுத்தியது.

அதனால் பள்ளிக்கென்றால் நான் முதலில் தேடுவது பூட்டில்லாத நூல்களை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் ஆகியவற்றில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நாட்டுடைமையான கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகளுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. பென் டிரைவில் போட்டு, சிக்னல் எட்டாத ஜவ்வாது மலைப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம்.

எங்கள் மாணவி கேட்டதோ புதிய நாவல். பூட்டை உடைக்கும் மென்பொருள் இருக்கிறதே என்றார் ஒரு நண்பர். உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்தால், காப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 52(1)(இசட்.பி.) பிரிவு வேறொரு கதவைத் திறக்கிறது. வழக்கமான வடிவில் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிக்காக, கல்விக்கென அணுகத்தக்க வடிவில் படி எடுத்துக் கொடுப்பது உரிமை மீறல் ஆகாது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். இது நம் ஆசிரியர்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பத்து நாளில் கோப்பை அனுப்பினார்கள். பழைய எழுத்துருவில் இருந்ததால் திரைவாசிப்பான் ஏதேதோ ஆங்கில எழுத்துகளாக உளறியது. ஒருங்குறிக்கு மாற்றி, ஒற்றுப் பிழைகளைத் திருத்த எனக்கு ஒரு சனி, ஞாயிறு தேவைப்பட்டது. அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் அவள் நாவலை முடித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்தை மற்றவர்களுக்குச் சொல்லிவிடாமல் தடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.