முற்றத்தில் ஒரு பழைய கார்



உங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு பழைய கார் நிற்கிறதா? லீவு நாள் வந்தால் அதன் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கணவர் கறுத்த கையோடு மல்லுக்கட்டுகிறாரா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

எங்களிடம் இருப்பது ஒரு மொரிஸ் மைனர். துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்த அலெக் இஸிகோனிஸ் வடிவமைக்க, 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. அங்கே 1971 இல் உற்பத்தி நின்றது. நம் நாட்டிலோ அது இன்னும் ஓய்வு பெறவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி பிறந்தது. வரியும் சேர்ந்த அந்த விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. இருப்பதைத் திருத்தத்தான் வேண்டும்.

உம்மா இருப்பது பண்டாரவளையில். மாதம் ஒருமுறை அவரைப் பதுளை கிளினிக்குக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. பதுளை சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேல். ஹாலி எல கடந்து ஏற்றம் தொடங்கியதும் கார் கொதித்துவிடும்.

உயரம் கூடக்கூட தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். பண்டாரவளையில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்து விடுகிறது. ரேடியேட்டர் மூடி உங்கள் பிரஷர் குக்கர் மூடியைப் போலத்தான். அழுத்தத்தை அடைத்து வைத்துக் கொதிப்பைத் தள்ளிப் போடுகிறது. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

மூடியை மாற்றினேன். தேர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஹோஸ்களை மாற்றினேன். மூன்று வாரம் போனது; கொதிப்பு நிற்கவில்லை. நான் துடைத்துப் போட்ட துணியைக் கையில் எடுத்த மனைவி, "இஞ்ச பாருங்க, ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கே" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒயிலோடு தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். ஹெட் கேஸ்கட் போயிருந்தது.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து கேஸ்கட் வந்தது. ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினேன். இரண்டே நாளில் பழையபடி கொதித்தது! அவசரத்தில் ஓர் ஓரத்திலிருந்து நட்டுகளை இறுக்கிக்கொண்டு போனதுதான் தவறு. நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு அந்த அளவு 40 அடி இறாத்தல். கை உத்தேசம் போதாது. அளவு காட்டும் ஸ்பனர் வேண்டும்.

அன்று கோபத்தில் ஸ்பனரை வீசிவிட்டு உள்ளே போனேன். கழுவிய மண்ணெண்ணெயின் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி, படியிலேயே வைத்திருந்தேன். தாகத்தோடு ஓடிவந்த எங்கள் நான்கு வயது மகன் அதை வாயருகே கொண்டு போய்விட்டான். மனைவி பாய்ந்து பறித்ததால் பிழைத்தோம், அல்ஹம்துலில்லாஹ். அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சகோதரிகளே, மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ குடிபானப் போத்தலில் ஊற்ற எவரையும் விடாதீர்கள். தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் பேராபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவும் அனுமதிக்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை.

மறுவாரம் ஹெட்டை மட்டம் பார்க்கக் கொடுத்து, மூன்றாவது கேஸ்கட்டை நிதானமாகப் பூட்டினேன். கார் பண்டாரவளை வரை கொதிக்காமல் ஏறியது. உம்மா கதவைத் திறந்து ஏறும்போது, "எத்தனை நாள் மகன் எடுத்தது?" என்றார்.

"ஒரு மாசம், உம்மா. அதில் மூன்று வாரம் என் அவசரத்துக்குப் போனது" என்றேன்.