சங்கு ஓட்டின் கரைதிறன் கணக்கு

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் கடலடியிலிருந்து கொண்டுவரும் சங்கு, கொல்கத்தா வரை போய் வங்கப் பெண்களின் கைகளில் வளையலாகிறது. அந்த ஓடு கால்சியம் கார்பனேட். முத்தும் பெரும்பகுதி அதுவே.

இது தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு லிட்டர் தூய நீரில் சோற்றுப்பு சுமார் 360 கிராம் கரையும். ஜிப்சம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான். தூத்துக்குடி உப்பளங்களில் இந்த வரிசை கண்ணெதிரே நடக்கிறது. கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானி 25 டிகிரியைத் தொடும்போதுதான் பாத்தியில் உப்பு விளைகிறது.

பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கரைதிறன் பெருக்கம் கடலுக்கும் பொருந்தும். நீரிலுள்ள கால்சியம் அயனிச் செறிவையும் கார்பனேட் அயனிச் செறிவையும் பெருக்கினால் வரும் எண் அந்த வரம்புக்கு மேலே இருக்கும்வரை ஓட்டுக்கு ஆபத்தில்லை. கீழே இறங்கினால் ஓடு கரையத் தொடங்கும்.

இறக்குவது நம் புகை.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்து, கார்பனேட்டை பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. கால்சியம் அப்படியே இருக்க, கார்பனேட் மட்டும் குறைகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல்களின் மேற்பரப்பில் பிஎச் அளவு 8.2-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது. பார்வைக்கு அற்பமான இந்த இறக்கத்துக்குள் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 சதவீதம் கூடியிருக்கின்றன. வெப்பமண்டலக் கடலில் கார்பனேட் இன்னும் தாராளம், பவளத்துக்கு உடனடி எதிரி கடல் சூடுதான் என்போரும் உண்டு.

ஆனால் அடிவாங்கப்போவது முற்றிய சங்கல்ல, ஓடு கட்டத் தொடங்கும் இளங்குஞ்சு. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2007 வாக்கில் சிப்பிக் குஞ்சுகள் பண்ணைத் தொட்டிகளிலேயே கூட்டமாக மடிந்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த அமிலம் மிகுந்த நீரே காரணம் என்று பிறகு தெரிந்தது. அங்கே உள்ளே வரும் நீரை அளந்து, சலவைச் சோடா சேர்த்துச் சமாளித்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் பார்களுக்கு அப்படி மருந்து போட முடியாது. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. தப்பிப் பிழைக்கும் ஒவ்வொரு குஞ்சும் முக்கியம். பார்களின் மேலுள்ள நீரின் பிஎச், கார்பனேட் அளவுகளை மாதந்தோறும் அளந்து, திரேஸ்புரம் கரையில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கடலில் தினமும் இறங்குபவர்களுக்கு அது முதலில் தெரிய வேண்டும்.