பசு நடந்த கால்வாயும் பொறியியல் கல்லூரியும்

பொருநைக் கரையோரம் – 14

சேரன்மகாதேவிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவன் கையில் கொஞ்சம் பொருள் சேர்ந்தது. அதை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க நினைத்து அகத்தியரிடம் வழி கேட்டான். ‘ஒரு பசு வரும். பின்னாலேயே போ. அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு. படுத்த இடத்தில் குளம் தோண்டு. கோமியம் விட்ட இடத்தில் மடை வை’ என்று பதில் கிடைத்தது. அப்படி வெட்டியதுதான் கன்னடியன் கால்வாய் என்பார்கள்.

சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சிவில் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. மலையடிவாரத்தில் மாட்டுத் தடங்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: மாடு வீணாக மேட்டில் ஏறாது, பள்ளத்தில் இறங்காது. சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நடக்கும். ஆற்றிலிருந்து பிரியும் கால்வாயும் அப்படித்தான் போயாக வேண்டும். கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் தூர்க்கும். கான்டூர் என்று கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தியதை அந்தக் கதை ஒரு பசுவை வைத்துச் சொல்லி முடித்துவிடுகிறது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டுமே வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த எட்டையும் நம்பி ஏறக்குறைய 86,000 ஏக்கரில் காரும் பிசானமும் விளைகின்றன. கன்னடியன் பங்கு மட்டும் 12,500 ஏக்கர். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது அந்தக் கால்வாய்.

சென்ற மாதம் அதன் கரையில் ஒரு மதகுப் பக்கம் நின்றிருந்தேன். பைக்கில் வந்த பையன் ஒருவன் நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான். சிவில் மூன்றாம் ஆண்டு, விடுமுறைக்கு வந்திருக்கிறானாம். “தம்பி, இந்த ஷட்டரை முழுசாத் தூக்கினா எவ்வளவு தண்ணி போகும்?” என்று கேட்டேன். “ஃபார்முலா தெரியும் சார். எவ்வளவுன்னு ஷட்டரைத் தூக்குற லஸ்கர் அண்ணாச்சிக்குத்தான் தெரியும்” என்றான். பக்கத்தில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் விடவில்லை. “இவன் படிச்சு முடிச்சு துபாய்க்குப் போயிருவான். ஷட்டரு இங்கனதான கெடக்கும்” என்றார். பையன் சிரித்தான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

அந்தப் பையனைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. சிவில் மாணவர்கள் எல்லோருக்கும் சர்வே கேம்ப் உண்டு. எங்கள் கல்லூரி எங்களை ஒரு மலை வாசஸ்தலத்துக்கு அழைத்துப் போனது. பத்து நாளில் பாதி மூடுபனி, மீதியில் பாதி படகுச் சவாரி. லெவல் புத்தகத்தில் எண்கள் குறையும்போது சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நிரப்பினோம். அந்த மலையின் உயரம் ஆண்டுக்கு ஆண்டு மாறவில்லையே, எண்களும் மாற வேண்டாம் என்பது எங்கள் நியாயம். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அந்த அளவுகளுக்கு உலகத்தில் யாரும் காத்திருக்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதே பத்து நாளைக் கன்னடியன் கால்வாயில் கழித்திருந்தால்? டோட்டல் ஸ்டேஷனை எடுத்துக்கொண்டு கரையோடு நடந்து, முப்பது மீட்டருக்கு ஒருமுறை குறுக்குவெட்டு எடுத்து, ஒவ்வொரு மதகின் அடிமட்டத்தையும் குறித்து, வண்டல் எங்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படம் போட்டிருக்கலாம். தண்ணீரை அளக்க விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம். பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டு, மேல் குச்சிப் பக்கம் ஒரு வேப்பங்குச்சியைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். இருபது விநாடியில் கீழ்க் குச்சியைத் தாண்டினால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியில் தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும். அதற்காக 0.85ஆல் பெருக்க வேண்டும். அகலம் ஆறு மீட்டர், சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 90 கன அடி. இதைத் தலைமடையில் ஒருமுறை, கடைமடையில் ஒருமுறை செய்து, நடுவில் வயலுக்குத் திறந்துவிட்டதையும் கணக்கில் எடுத்துவிட்டால், மிச்சத் தண்ணீர் எங்கே காணாமல் போகிறது என்ற விவாதத்துக்கு முதன்முறையாக ஒரு எண் கிடைக்கும். கார் பருவத்தில் அந்த எண்ணுக்காக ஊருக்கு ஊர் சண்டை நடக்கிறது.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. இந்தியாவில் பொறியியல் கல்வி தொடங்கியதே இப்படித்தான். கிண்டிக் கல்லூரியின் மூலம் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. கும்பினியாருக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது, அதற்காகப் பள்ளி. வடக்கே 1837-38இல் கொடும் பஞ்சம். அதன் பிறகு கங்கைக் கால்வாய் வெட்டத் தீர்மானித்தார்கள். கால்வாய்க்கு ஓவர்சீயரும் என்ஜினியரும் வேண்டுமென்று ரூர்க்கியில் 1847இல் கல்லூரி வைத்தார்கள். கால்வாய் 1854இல் திறந்தது. சோலானி ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் பெரிய நீர்ப்பாலம் அந்த ஊரிலேயே எழும்பிக்கொண்டிருந்தது. வகுப்பறைக்கும் வேலைத்தளத்துக்கும் நடந்தே போகலாம். ரூர்க்கிக்காரர்கள் அளந்த அளவை வாங்கிக்கொள்ள ஒரு கால்வாய் இலாகா காத்திருந்தது.

நம் மாநிலத்திலும் அப்படிப்பட்ட ஊர்கள் உண்டு. கோயம்புத்தூரில் பிஎஸ்ஜி அறநிலையம் 1926இல் தொழிற்கூடத்தைத் தொடங்கி மோட்டாரும் பம்பும் செய்யக் கற்றுக்கொண்டது. பொறியியல் கல்லூரி வந்தது 1951இல். முதலில் பட்டறை, பிறகு வகுப்பறை. சிவகாசியில் பட்டாசுக்கான அலுமினியப் பொடி செய்கிறவர்களிடமிருந்து 1984இல் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி வந்தது. பம்பும் பட்டாசும் பணம் போட்டுக் கல்லூரி கட்டின. நம் பள்ளத்தாக்கின் பெரிய தொழில் நெல்லும் வாழையும். அவை டிரஸ்ட் வைத்துக் கல்லூரி தொடங்குவதில்லை. திருநெல்வேலிக்கு அரசினர் பொறியியல் கல்லூரி வந்தது 1981இல், கோட்டையிலிருந்து வந்த ஆணையால். பிறகு வந்த தனியார் கல்லூரிகளைப் பற்றி இங்கே சொல்ல இடமில்லை.

வட்டாரத் தேவைக்கேற்ற கல்வி என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அவர்கள் சொல்லும் ‘வட்டாரம்’ கங்கைகொண்டான் சிப்காட் கேட்டுக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே டாடா பவரின் சூரிய மின்தகட்டுத் தொழிற்சாலை 4.3 கிகாவாட் திறனோடு 2025 பிப்ரவரியில் திறந்தது. நல்ல விஷயம். சுற்றுவட்டாரப் பெண்கள் நிறையப் பேருக்கு வேலை. ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் அப்படிப்பட்ட வேலைக்கு மாணவர்களைத் தயார் செய்கின்றன. அதுவும் வேண்டியதுதான். ஆனால் தொழிற்சாலை தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிந்தது. அதற்கு மனிதவள அதிகாரி இருக்கிறார். கால்வாய்க்கு யார் இருக்கிறார்கள்? பத்தமடைப் பாய்க்கு யார் இருக்கிறார்கள்?

பாயைச் சொல்லிவிட்டேன், அதைப் பார்த்துவிட்டே போவோம். ஆற்றோரக் கோரையை அறுத்து, பச்சையிலேயே கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பிறகுதான் தறிக்குக் கொண்டுவருகிறார்கள். தறி தரையோடு கிடக்கிறது. ஒருவர் ஒரு நீளக் குச்சியில் கோரையைக் கோத்து நூல்களுக்கிடையே செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து அடிக்கிறார். பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்தபடி. விசைத்தறிப் பாய் வந்துவிட்டது, ஆனால் பட்டுப்பாயின் மென்மை அதில் வராது. மென்மை வருவது கோரையைக் கீறும் விரலில். ஒரே கனத்தில், நார் அறுந்துபோகாமல் கோரையைக் கீறித் தரும் கையடக்கக் கருவி, முதுகு நோகாமல் உட்கார்ந்து நெய்ய உயர்த்திய தறி. இரண்டும் மெக்கானிக்கல் இறுதியாண்டு புராஜெக்டுக்குச் சரியான அளவு வேலை. செய்து பார்த்தால் முதல் மூன்று தடவை கோரை கிழியும். அந்தக் கிழிசல்தான் படிப்பு. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் ‘ஸ்மார்ட் டஸ்ட்பின்’ ஒருபோதும் கிழியாது.

ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை கலப்பதைப் பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே வந்து கரையைப் பார்த்தார்கள். சிவில் துறை இருக்கும் கல்லூரியில் நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கும். கழிவு எவ்வளவு என்று காட்டும் பிஓடி சோதனைக்கு வேண்டியது 20 டிகிரியில் ஐந்து நாள் பொறுமை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று வாரத்துக்கு ஒரு நாள் படித்துறை படித்துறையாகத் தண்ணீர் எடுத்து, ஐந்து ஆண்டு விடாமல் எழுதிவைத்தால் அந்தப் பதிவேட்டின் முன் எந்த அதிகாரியும் சாக்குச் சொல்ல முடியாது. பசங்கள் கல்லூரிக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து ரெக்கார்ட் நோட்டில் ஒட்டுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கீழ்ப் பள்ளத்தாக்கில் குளம் குளமாக உடைந்தது. எந்தக் குளத்தின் கரை எங்கே எவ்வளவு தாழ்ந்திருந்தது, கலுங்கு எந்த மட்டத்தில் நின்றது என்பதெல்லாம் ஒரு சர்வே கேம்ப் சொல்லியிருக்கக்கூடிய விஷயங்கள். அதற்குள் மாணவர்கள் சிவிலை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். 2024-25 முதல் இடங்களுக்கான உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டதும் கம்ப்யூட்டர் இடங்கள் இன்னும் பெருகின. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் கொண்டுவந்தது. எனக்குப் பிடித்த முயற்சி. ஆனால் பாடம் தமிழில் இருந்தாலும் வேலைக்கு அமர்த்துகிறவர் கால்வாய்க் கரையில் இல்லையென்றால் பையன் எங்கே போவான்?

இந்த இடத்தில் பாடத்திட்டத்தைக் குற்றம் சொல்கிறவர்களோடு நான் பிரிகிறேன். பாடத்திட்டத்தை நாளைக்கே மாற்றலாம். கல்விக் கடன் வாங்கிப் படித்த, வீட்டின் முதல் பட்டதாரியிடம் போய் ‘ஊருக்கு உழை’ என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஊரில் வேலை மலைபோல் கிடக்கிறது, அதற்குச் சம்பளம்தான் இல்லை. ஒரு கிராம ஊராட்சிக்கு எழுத்து வேலைக்குச் செயலர் உண்டு, சொந்தமாக என்ஜினியர் கிடையாது. ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரும் ஓவர்சீயரும்தான் அத்தனை ஊருக்கும் ஓட வேண்டும். தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய் 75 கிலோமீட்டர். இந்தக் கன்னடியனிலிருந்துதான் பிரிகிறது. 2009இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். பதினாறு வருடம். நாலு வருடப் படிப்பு என்றால் அதற்குள் பன்னிரண்டு, பதின்மூன்று செட் சிவில் மாணவர்கள் முழுசாகப் படித்து வெளியேறியிருப்பார்கள். நம் காலத்தில் இந்த மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய மண் வேலை அது. அதை ஒரு திறந்தவெளி வகுப்பறையாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரூர்க்கியில் இருந்தவர், இங்கே இல்லாமல் போனவர், அளவை வாங்கிக்கொள்ளும் ஆள். 1961 தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ்ப் பட்டதாரிகளை ஓராண்டு பழகுநராக எடுத்தால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. நீர்வளத் துறையும் மாநகராட்சியும் ஊராட்சி ஒன்றியங்களும் ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று நிலையாக எடுக்கலாம். அதோடு, சர்வே கேம்ப் எங்கே நடக்க வேண்டும் என்பதை நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் ஒருவர் கல்லூரிக்கு எழுதிக் கேட்க வேண்டும். ‘இந்த ஆண்டு எனக்கு மருதூர்க் கால்வாயின் மட்டம் வேண்டும்’ என்று ஒரே ஒரு கடிதம். அளவு தப்பாக வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். தன் கணக்கைத் தப்பென்று ஒரு பொறியாளர் திருப்பி அனுப்பியதை எந்த மாணவனும் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய பிள்ளையாவது நம் பக்கத்தில் சிவில் படித்தால் ஒன்று செய்யுங்கள். இந்த வருடம் சர்வே கேம்ப் எங்கே என்று கேளுங்கள். மலைமேல் என்று பதில் வந்தால், துறைத்தலைவருக்கு ஒரு போன் போட்டு, கன்னடியன் தலைமடைக்கு டவுன் பஸ் போகிறது என்று சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மருதூர் அணைக்கட்டு)