பானை பெரிது, பங்கு சிறிது!

ஈரோட்டுச் சந்தைக்குத் துணி மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றிச் செல்லும் சிறு வணிகரைக் கேளுங்கள்: பெட்ரோலுக்குத் தரும் வரி யாருக்குப் போகிறது? “சர்க்காருக்கு” என்பார். எந்தச் சர்க்காருக்கு? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

2021 ஏப்ரலில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு டில்லி விதித்திருந்த தீர்வை 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களுடன் பங்கிட வேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு! மிச்சமுள்ள 31 ரூபாய் 50 காசுக்கும் மேல்வரி என்றும் சிறப்புத் தீர்வை என்றும் பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் மாறியது, பங்கு மறைந்தது!

பதினைந்தாவது நிதிக் குழு மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்றது. கணக்குப் போடுங்கள். 1 ரூபாய் 40 காசில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு, அதாவது இரண்டேகால் காசுக்குச் சற்று அதிகம். முழுத் தீர்வையும் பங்குக்கு வந்திருந்தால் 55 காசு கிடைத்திருக்கும்!

பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே திங்களிலும் தீர்வையை 13 ரூபாய் குறைத்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் ஏற்பாடு மாறவில்லையே!

பொதுநிதிப் பொருளாதாரம் சொல்வது என்ன? வாலஸ் ஓட்ஸ் எனும் அறிஞர் 1972-இல் எழுதிய நூலில் விளக்கினார்: ஊருக்கு ஊர் தேவை வேறுபடும், ஆகவே, ஓரிடத்து மக்களுக்கு மட்டும் பயன்படும் பணிகளை அவ்விடத்து அரசே முடிவு செய்வது நலம். பள்ளி, மருத்துவமனை, குடிநீர் அனைத்தும் மாநிலத்தின் தோளில். தோளில் சுமை இருக்க, சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில் தொங்கலாமா?

“மேல்வரிப் பணமும் மாநிலங்களில்தானே செலவாகிறது?” என்பர் சிலர். ஆகலாம். ஆனால் எங்கே, எதற்கு, எவ்வளவு என்று தீர்மானிப்பது டில்லி. உரிமையாக வருவது பங்கு. விருப்பப்படி தருவது கொடை. இரண்டும் ஒன்றாகுமா?

இது தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் நடக்கும் சண்டையும் அல்ல. அதே நிதிக் குழு பீகாருக்கு 10.058 விழுக்காடு ஒதுக்கியது. பானை சுருங்கினால் நம்மைவிட அதிகம் இழப்பது பீகாரின் ஏழைதான். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவதை நாம் எதிர்க்கவில்லை. பங்கு வைக்குமுன்பே பானையில் பாதியை ஒளிப்பதைத்தான் எதிர்க்கிறோம்!

2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி வந்தபோது, விற்பனை வரி விதிக்கும் உரிமையில் பெரும்பகுதியை மாநிலங்கள் விட்டுக் கொடுத்தன. ஈட்டுத்தொகை ஐந்தே ஆண்டுகள். 2022 ஜூனோடு அதுவும் முடிந்தது. கொடுத்தது நிலைத்தது, பெற்றது நின்றது!

1969-இல் கலைஞர் அரசு இராஜமன்னார் குழுவை அமைத்து மாநில உரிமையை ஆராயச் சொன்னது. 2024 நவம்பரில், பதினாறாவது நிதிக் குழுவிடம் தமிழ்நாடு 50 விழுக்காடு கேட்டது. நியாயமான கோரிக்கை. ஆனால் விழுக்காடு உயர்ந்தால் மட்டும் போதாது. சுருங்கிய பானையில் பாதி கிடைத்துப் பயன் என்ன?

மேல்வரிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு காசும் பொதுப் பானைக்கு வரவேண்டும். அதற்காக அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். 2000-ஆம் ஆண்டில் திருத்தியவர்கள்தானே? மீண்டும் திருத்த முடியாதா?

கேட்பது சலுகையல்ல, கணக்கு!