பாடசாலை எவ்வளவு தூரம், மண்மேடு எவ்வளவு தூரம்?

கண்டிக்குக் குடிவர நினைக்கும் குடும்பங்கள் தரகரிடம் முதலில் கேட்பது பாடசாலையைப் பற்றித்தான். பிள்ளைகளின் படிப்புக்காக ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வருகிறவர்களும் சரி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ வைத்தியசாலைக்கோ இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்களும் சரி, கொழும்பு வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வருகிறவர்களும் சரி, எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொது. பிறகு தண்ணீர் ஒழுங்காக வருமா, பஸ் உண்டா, வாகனம் வாசல்வரை போகுமா, எத்தனை மாத வாடகை முற்பணம் என்று பேச்சு போகும். அதற்குள் வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். குசினிக் கதவைத் திறந்து வெளியே போய், அங்கே செங்குத்தாக வெட்டி நிறுத்தியிருக்கும் மண்மேடு எத்தனை அடி உயரம் என்று நிமிர்ந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. 2025 நவம்பர் மண்சரிவுகளுக்குப் பிறகும் இந்தப் பழக்கம் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாடசாலையைப் பற்றிய கவலை நியாயமானதுதான். அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கை நீண்ட காலமாகப் பாதி இடங்களை அருகில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கி வந்திருக்கிறது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம், ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு 15 சதவீதம். புதிதாக ஊருக்கு வரும் குடும்பத்துக்கு இந்த இரண்டு வாசலும் அடைப்பு. இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர்களுக்கு உள்ள இடமோ மிகச் சொற்பம். ஆகவே எல்லோரும் தூரத்தை நம்பித்தான் வீடு தேடுகிறார்கள். முழுப் புள்ளி பெற வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருக்கவேண்டும், உறுதிப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டவேண்டும், வீட்டுக்கு இன்னும் அருகில் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால் அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுப்படும். தமிழ்மொழி மூலம் படிக்கவேண்டிய பிள்ளை என்றால் தெரிவு இன்னும் சுருங்கிவிடும். தமிழ்ப் பிரிவு உள்ள பெயர்பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் நகரத்துக்குள்ளும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமுமே இருக்கின்றன. பிள்ளை நடக்கப் பழகும் முன்பே பெற்றோர் நகரத்தை நெருங்கிக் குடிவர முண்டியடிப்பது இதனால்தான்.

அப்படி நெருங்கி வருகிறவர்களுக்கு என்ன நிலம் மிஞ்சியிருக்கிறது? கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, ஹந்தானை மலைக்கும் உடவத்தக்கெலே காட்டுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். அரசர்களுக்கு 1815 வரை அதுவே அரண். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டிய வாவியும், தலதா மாளிகையும், கடைவீதிகளும், புகையிரத நிலையமும், பாடசாலைகளும் சமதரையை என்றோ எடுத்துக்கொண்டுவிட்டன. புதிதாக வருகிற குடும்பத்துக்குக் கிடைப்பது சரிவுதான். அம்பிட்டிய, ஹந்தானை, அனிவத்தை, முல்கம்பளை என்று எங்கே போனாலும் வீதியை விட்டு ஏறவேண்டும் அல்லது இறங்கவேண்டும். மஹியாவையில் தமிழும் காதில் விழும், டவுனும் பக்கம், ஆனால் படிக்கட்டுச் சந்துகளில் வீட்டுக்கு மேல் வீடாக நெருக்கம்.

சற்று வெளியே போனால் வேறு கதை. அக்குறணை நல்ல வியாபாரத் தலம், ஆனால் பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகும். கெலிஓயா, கம்பளைப் பக்கம் வாடகை குறைவு, அங்கே மகாவலியைக் கவனிக்கவேண்டும். குண்டசாலை, பல்லேகலைப் பக்கம் தரை ஓரளவு சமம். மத்திய மாகாண சபை அலுவலகங்கள் அங்கே இருக்கின்றன, போகம்பறைச் சிறைச்சாலையும் 2014இல் அந்தப் பக்கம் போயிற்று, வீடுகளும் அதே திசையில் பெருகுகின்றன. அதற்கு அப்பால் திகனப் பகுதியில் 2020இல் சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டன. இந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்து பிள்ளையை நகரப் பாடசாலைக்கு அனுப்புவதென்றால் விடியுமுன் வேனில் ஏற்றவேண்டும். காலையும் பாடசாலை விடும் நேரமும் கண்டி வீதிகள் எப்படி இருக்கும் என்பதை யாரும் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

சரிவுக்கு வருவோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டவாரியாக அதிக உயிரிழப்பு கண்டியில். கடலோரத்தில் கரையேறிய புயலுக்கு மலைநாட்டில் இத்தனை பேர் பலியானதற்கு முதற்காரணம் மண்சரிவு. கொழும்பு வீதி கடுகண்ணாவையில் அடைபட்டது, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நின்றன, கண்டி சில நாட்கள் தனித்துக் கிடந்தது. அந்த நாட்களில் பாடசாலையின் தூரத்தை யாரும் பேசவில்லை. மேட்டுக்குக் கீழே இருக்கிறவர்கள் இரவில் எங்கே போய்ப் படுப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அதற்காகப் புயல் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. 2020 செப்டம்பர் 20ஆம் திகதி அதிகாலை, கண்டி புவெலிகடை பூர்ணவத்தையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து அருகில் கீழே இருந்த வீட்டின்மேல் விழுந்தது. கைக்குழந்தை ஒன்றும் அதன் பெற்றோரும் இறந்தார்கள். அவர்கள் இருந்த வீட்டில் ஒரு குறையும் இருந்திருக்கவேண்டியதில்லை. சரிவில் குடியிருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் அத்திவாரத்தையும் நம்பி இருக்கிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது இதைத்தான்: கண்டியில் வீடு பார்ப்பதென்றால் உங்கள் காணியை மட்டும் பார்த்தால் போதாது, மேல் காணியையும் கீழ்க் காணியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மலை ஏன் சரிகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. கெட்டிப் பாறைக்கு மேலே காலங்காலமாக உக்கிய பாறையும் உருண்டு வந்து படிந்த மண்ணும் இருக்கின்றன. மழைநீர் அதற்குள் இறங்கி, பாறையில் தட்டி நின்று, மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. சரிவின் அடிப்பகுதிதான் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்பது. அதைத்தான் நாம் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டிச் சமப்படுத்தி வீடு வைக்கிறோம். பழைய தேயிலைக் காணியையும் மரக்காணியையும் பத்துப் பேர்ச்சஸ் துண்டுகளாகப் பிரித்து விற்கும்போது, ஒவ்வொரு துண்டுக்காரரும் தன் முற்றம் அகலவேண்டும் என்று இன்னும் ஒரு வெட்டு வெட்டுகிறார். மேல்வீட்டு மலசலகூடக் குழியின் கசிவும், கூரைத் தண்ணீரும் கானுக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்குகின்றன. கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மழைதான் கனம். அந்த நேரத்தில் மேடு ஊறிப்போய் நிற்கும்.

இந்த அபாயத்தை அளந்து வரைபடமாக்குகிற வேலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்கு 2011 முதல் அதன் மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கட்டுகிறவருக்கான ஏற்பாடு. அறிக்கையை வாங்கி உள்ளூராட்சி சபையில் கொடுத்து அனுமதி பெறுகிறவர் காணிச் சொந்தக்காரர். ஐந்து வருடம் கழித்து மேல்மாடிக்கு வாடகைக்கு வருகிற குடும்பத்தின் கையில் அந்தக் கடதாசி கிடைப்பதேயில்லை. 2011க்கு முந்திய வீடென்றால் கடதாசியே இருக்காது. பிறகு பின்பக்கம் இழுத்துக் கட்டிய குசினிக்கும், வாகனத் தரிப்புக்காக வெட்டிய மேட்டுக்கும் யார் அறிக்கை எடுத்தார்கள்? கண்டிக்கு வருகிற குடும்பங்களில் மிகப் பல முதலில் வாடகைக்குத்தான் வருகின்றன. அபாயத்தை அறியும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் போயிருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆகவே உங்கள் கண்ணையே நம்பவேண்டியிருக்கிறது. வீடு பார்க்க வெயிலில் போகாதீர்கள், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். மேட்டில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, கலங்கல் தண்ணீர் வடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், சுவரிலும் தரையிலும் புது வெடிப்புகளைச் சீமெந்து பூசி மறைத்திருந்தால், கதவுகள் நிலையில் இறுகி மூட மறுத்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். தாங்குசுவர் இருக்கிறது என்று சொந்தக்காரர் பெருமையாகக் காட்டுவார். அதில் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். துளையில்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கிவைத்து ஒருநாள் மொத்தமாகத் தள்ளிவிடும். மேடு எத்தனை அடி உயரமோ அத்தனை அடி தூரமாவது வீட்டின் பின்சுவர் தள்ளியிருக்கவேண்டும் என்பேன். கண்டியில் பல வீடுகளில் இடையில் ஓர் ஆள் நடக்கக்கூட இடமிருக்காது. பிள்ளைகளின் படுக்கையறையோ பெரும்பாலும் பின்பக்கத்தில்தான்.

குடிவந்த பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 மில்லிமீற்றரில் வெளியேற ஆயத்தமாகவேண்டும், 150 மில்லிமீற்றரில் வெளியேறிவிடவேண்டும் என்பதுதான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்தால் இந்த மழையை வீட்டிலேயே அளந்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை இது. எச்சரிக்கை வந்தால் எந்த வீட்டுக்குப் போவது என்று வெயில் நாளிலேயே முடிவு செய்துவைத்திருப்பது அதைவிட முக்கியம்.

சரிவில் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே கண்டியில் வட்டாபுலுவையைப் பாருங்கள். 1918இல் கண்டியில் பிறந்து, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞராக உயர்ந்த மினெற் டி சில்வா, 1950களில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்காக அங்கே இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புத் திட்டத்தை வடிவமைத்தார். குடிவர இருந்த குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்களைக் கூட்டிப் பேசி, எத்தனை பேர், என்ன வழக்கம், எவ்வளவு பணம் போடமுடியும் என்று விசாரித்து, அதற்கேற்ப வெவ்வேறு வீட்டு மாதிரிகளை வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லோரும் அங்கே அயலவர்களானார்கள். குடிவருகிறவரைக் கேட்டு வீடு வரைவது அன்று புதுமை. எழுபது வருடம் கழித்து, குடிவருகிறவர் வாய் திறந்து கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லாத நிலைக்கு வந்திருக்கிறோம். ஒரு மலையை முழுமையாகப் பார்த்து, வீதி எங்கே, கான் எங்கே, வீடு எங்கே என்று ஒருவர் பொறுப்பெடுத்துத் திட்டமிடுவதற்கும், பத்துப் பேர்ச்சஸாக நறுக்கி அவரவர் விருப்பத்துக்கு வெட்டவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இன்று விலை கொடுக்கிறோம்.

அயலில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது என்பார்கள் சிலர். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதைக் கண்ட ஊரில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கோயில் பக்கமா, பள்ளிவாசல் பக்கமா, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு இரவில் போக எத்தனை நேரம் என்பதெல்லாமும் கேட்கவேண்டியவையே. ஆனால் அயலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பாடசாலை கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், வேன் பிடித்துத் தூரத்தைச் சமாளிக்கலாம். குசினிக்குப் பின்னால் நிற்கும் மேட்டோடு எந்தச் சமரசமும் செய்ய வழியில்லை.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒரு சிறு காரியம் செய்யலாம். வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் காணி எந்த அபாய வலயத்தில் வருகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, வாடகை ஒப்பந்தத்தோடு இணைக்கவேண்டும் என்று விதி கொண்டுவரலாம். வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலை அனுமதிக்கு இத்தனை கடதாசி கேட்கிற நாட்டில் இது ஒரு பாரமாகாது.

அந்த விதி வரும்வரை நீங்களே கேளுங்கள். முற்பணம் கொடுக்குமுன் கிராம உத்தியோகத்தரிடம் அந்த இடத்தில் இதற்கு முன் மண் சரிந்திருக்கிறதா, டித்வா நாட்களில் அங்கிருந்து யாரையும் வெளியேற்றினார்களா என்று விசாரியுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்தில் அந்த இடத்தின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.